எச்ஐவி தடுப்புல கம்பெனிக்கு என்ன வேலை? புதுசா தெரிஞ்சுக்க நினைக்கிறவங்களுக்கு ஒரு விளக்கம்

எச்ஐவின்னு சொன்னதும் ஆஸ்பத்திரி, கவர்மெண்ட், சுகாதாரத்துறை, அப்புறம் ஏதாவது தொண்டு நிறுவனம், இவங்கதான் ஞாபகத்துக்கு வர்றாங்க, வேலை பார்க்கிற இடம் அந்த லிஸ்ட்லயே வர்றதில்ல. சில முதலாளிங்க நேராவே கேப்பாங்க, என்கிட்ட வேலை பார்க்கிறவரோட அந்தரங்க வாழ்க்கையில நான் எதுக்கு தலையிடணும்னு. நியாயமான கேள்விதான், தலையிடவே கூடாது. ஆனா ஒருத்தர் தைரியமா டெஸ்ட் எடுக்கிறாரா, மருந்தை விடாம சாப்பிடுறாரா, இல்ல பயந்து போய் மறைச்சு வெச்சு உடம்பு கெட்டுப் போற வரைக்கும் சும்மா இருக்காரா, இதை முடிவு பண்றதுல அவரோட வேலைக்கு ரொம்ப பெரிய பங்கு இருக்கு, அந்த இடத்துலதான் கம்பெனி உள்ள வருது.

எய்ட்ஸ் விஷயத்தை கவனிக்கிற ஐநா அமைப்பான யுஎன்எய்ட்ஸ் கணக்குப்படி 2024 கடைசியில உலகத்துல சுமார் 4 கோடியே 8 லட்சம் பேர் எச்ஐவியோட வாழ்றாங்க. அந்த ஒரு வருஷத்துல மட்டும் புதுசா 13 லட்சம் பேருக்கு தொத்தியிருக்கு, 6 லட்சத்து 30 ஆயிரம் பேர் எய்ட்ஸ் சம்பந்தப்பட்ட நோய்கள்ல இறந்திருக்காங்க. இந்த 4 கோடி பேர்ல பெரும்பாலானவங்க வேலைக்குப் போற வயசுல இருக்கிறவங்க, அதாவது ஏதோ ஒரு ஆபீஸ்லயோ சுரங்கத்துலயோ லாரியிலயோ ஹோட்டல்லயோ நம்ம கூட நின்னு வேலை பார்க்கிறவங்க. கிளினிக்குக்கு ஒருத்தர் வருஷத்துல எத்தனை நாள் போவாரு, வேலைக்கு எத்தனை நாள் போவாருன்னு யோசிச்சாலே போதும், ஆளுங்க எங்க இருக்காங்களோ அங்க போய் பேசணும்ங்கிற சாதாரண கணக்குதான் இது.

மேல போறதுக்கு முன்னாடி அடிப்படையை சொல்லிடறேன், ஏன்னா வேலை இடத்துல வர்ற பாதி பிரச்சனை இது தெரியாததுனால வருது. எச்ஐவி பரவுறது ரத்தம், விந்து, பெண்ணுறுப்பு திரவம், ஆசனவாய் திரவம், தாய்ப்பால் வழியா, அதாவது பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒரே ஊசியை பகிர்ந்துக்கிறது, பரிசோதிக்காத ரத்தம் ஏத்துறது, அம்மாகிட்ட இருந்து குழந்தைக்கு போறது, இவ்வளவுதான். கை குலுக்குறதுலயோ, ஒரே டாய்லெட் யூஸ் பண்றதுலயோ, ஒரே கப்ல தண்ணி குடிக்கிறதுலயோ, இருமல்லயோ, கொசு கடிக்கிறதுலயோ பரவாது. ஒரே மெஷின்ல ஷிப்ட் மாத்தி வேலை பார்த்தாலும் பரவாது. அதனால சாதாரண வேலை இடத்துல ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு வேலை பார்க்கிறதால எச்ஐவி வர்றதே கிடையாது, ஊசி, ரத்தத்தோட புழங்குற வேலைகள் மட்டும்தான் விதிவிலக்கு, அதுக்கு பின்னாடி வர்றேன்.

இன்னொரு விஷயம், இதுதான் கடந்த பத்து பதினைஞ்சு வருஷத்துல எல்லாத்தையும் மாத்தினது. மருந்தை ஒழுங்கா எடுத்துட்டு ரத்தத்துல வைரஸ் அளவு டெஸ்ட்ல தெரியாத அளவுக்கு குறைஞ்சிட்டா, அவர்கிட்ட இருந்து உடலுறவு மூலமா இன்னொருத்தருக்கு எச்ஐவி பரவாது. 2011-ல வந்த பெரிய ஆய்வு முடிவும், அதுக்கு அப்புறம் ஆயிரக்கணக்கான தடவை ஆணுறை இல்லாம உறவு வெச்சுக்கிட்ட ஜோடிகளை வருஷக்கணக்கா கவனிச்ச ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தியிருக்கு. அப்போ ஒருத்தருக்கு சிகிச்சை கிடைக்கிறதே இன்னொருத்தருக்கு தடுப்பு. ஒரு கம்பெனி தன் ஆள் ஒருத்தரை வேலையை விட்டு தூக்காம, மருந்து எடுக்க நேரம் கொடுத்து வெச்சுக்கிட்டா, அது தயவு பண்றது மாதிரி வெளிய தெரியலாம், ஆனா அதுவே நேரடி தடுப்பு வேலை. இது புரிஞ்சா மத்ததெல்லாம் சுலபமா புரியும்.

கம்பெனிங்க இதுக்குள்ள எப்படி வந்தாங்க

ஆரம்பத்துல யாரும் திட்டம் போட்டு வரல. 1981 ஜூன்ல அமெரிக்காவுல முதல் கேஸ்களைப் பத்தின அறிக்கை வந்துச்சு, அடுத்த வருஷங்கள்ல சான் பிரான்சிஸ்கோல லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனி ஊழியர்கள் சில பேர் இந்த புது நோயைப் பத்தி ஆபீஸ்ல துண்டு நோட்டீஸ் கொடுக்கணும்னு நினைச்சாங்க. கொடுத்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்களோன்னு ஒரு பயமும் இருந்துச்சு, அப்போ ராபர்ட் ஹாஸ் உட்பட மேல் அதிகாரிங்க தாங்களே வந்து கூட நின்னு நோட்டீஸ் கொடுத்தாங்க. செலவுன்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல, ஆனா மேல இருக்கிறவர் வெளிப்படையா வந்து நின்னதும் கீழ இருக்கிறவங்களுக்கு இது பேசலாம்ங்கிற விஷயமா மாறிச்சு. இன்னைக்கும் எந்த நாட்டுலயும் ஒரு நல்ல திட்டத்தை பார்த்தீங்கன்னா இந்த ஒரு அம்சம் அதுல இருக்கும்.

பெரிய அளவுல கம்பெனிங்க இறங்கினது தெற்கு ஆப்பிரிக்க நாடுகள்ல. அங்க நிலைமை வேற மாதிரி இருந்துச்சு, போட்ஸ்வானாவுல வைரம் எடுக்கிற டெப்ஸ்வானா கம்பெனி 1999-ல பேர் இல்லாம எடுத்த சர்வேல ஊழியர்கள்ல கிட்டத்தட்ட 29 சதவீதம் பேருக்கு எச்ஐவி இருக்கிறது தெரிஞ்சுது. பத்து பேர்ல மூணு பேர். நல்லா பயிற்சி கொடுத்த ஆபரேட்டர், எலக்ட்ரீஷியன், சூப்பர்வைசர் எல்லாம் ஒவ்வொருத்தரா நோய்வாய்ப்பட்டு லீவுல போறாங்க, இறக்கிறாங்க, அவங்க இடத்துக்கு புது ஆள் எடுத்து பழக்கணும், சாவுக்குப் போக மத்தவங்க லீவு எடுக்கணும், இப்படி கம்பெனியே ஆட்டம் காணுற நிலைமை. 2001-ல அந்த கம்பெனி ஊழியருக்கும் அவரோட கணவன் அல்லது மனைவிக்கும் மருந்து செலவுல பெரும்பகுதியை தானே ஏத்துக்குச்சு. அடுத்த வருஷம், 2002-ல, ஆங்லோ அமெரிக்கன் சுரங்கக் கம்பெனி தெற்கு ஆப்பிரிக்க நாடுகள்ல இருக்கிற தன் ஊழியர்களுக்கு எச்ஐவி மருந்து இலவசம்னு அறிவிச்சுது, அப்போ அவங்க ஆட்கள்ல ஐந்துல ஒருத்தருக்கும் மேல எச்ஐவி இருக்கும்னு அந்த கம்பெனியே கணக்கு போட்டிருந்துச்சு.

இது ஏன் 2001, 2002-ல நடந்துச்சுன்னா மருந்து விலை. 1996-ல கூட்டு மருந்து சிகிச்சை வந்தப்போ ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல ஆச்சு, 2001-ல இந்தியாவோட சிப்லா மருந்து கம்பெனி அதே மாதிரி மூணு மருந்து கூட்டை வருஷத்துக்கு 350 டாலருக்கு தர்றேன்னு சொன்னதும் கணக்கே தலைகீழா மாறிடுச்சு. அது வரைக்கும் கட்டுப்படியாகாதுன்னு சொன்னவங்க, ஆளை இழக்கிறதை விட மருந்து வாங்கிக் கொடுக்கிறது மலிவுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. தென்னாப்பிரிக்காவுல நிலக்கரி சுரங்க ஊழியர்களை வெச்சு பின்னாடி பண்ண ஒரு செலவுக் கணக்கு ஆய்வும் இதையேதான் சொல்லுச்சு, மருந்து கொடுக்கிற செலவையும் சேர்த்துப் பார்த்தாலும் கொடுக்காம விடுறதை விட கம்பெனிக்கு மொத்த செலவு குறைவு. என்னைக் கேட்டா, லாபம் வருதோ வரலையோ மனுஷன் உயிர் போறப்போ மருந்து கொடுக்கணும், ஆனா கணக்கு பார்க்கிற முதலாளிகிட்ட பேசுறப்போ இந்தக் கணக்கையும் கையில வெச்சுக்கிறது நல்லது.

திட்டம்னா எதுல ஆரம்பிக்கணும்

பல கம்பெனிங்க போஸ்டர்ல ஆரம்பிக்கிறாங்க. டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம் வந்தா சிவப்பு ரிப்பன், ஒரு டாக்டர் பேச்சு, போட்டோ, அவ்வளவுதான், அடுத்த டிசம்பர் வரைக்கும் யாரும் அதைப் பத்தி பேச மாட்டாங்க. இதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா இதை தடுப்பு திட்டம்னு சொல்ல முடியாது.

ஆரம்பிக்க வேண்டியது ஒரு எழுத்து உறுதியில. எச்ஐவி இருக்குங்கிறதுக்காக யாரையும் வேலைக்கு எடுக்காம இருக்க மாட்டோம், எடுத்தவங்களை தூக்க மாட்டோம், பதவி உயர்வை நிறுத்த மாட்டோம், டெஸ்ட் எடுன்னு கட்டாயப்படுத்த மாட்டோம், உடம்பு விஷயத்தை யார்கிட்டயும் சொல்ல மாட்டோம், இதை மீறினா மேனேஜரா இருந்தாலும் நடவடிக்கை. இந்த அஞ்சாறு வரி, எல்லாருக்கும் புரியுற மொழியில, எல்லாரும் பார்க்கிற இடத்துல இருக்கணும். இதைச் செய்யாம டெஸ்ட் கேம்ப் வெச்சா யாரு வருவாங்க? வேலை போயிடும்னு பயம் இருக்கிற இடத்துல, தனக்கு ரிஸ்க் இருக்குன்னு சந்தேகப்படுற ஆள்தான் முதல்ல ஒதுங்கிப் போவாரு, ரிஸ்க்கே இல்லாதவங்க மட்டும் வரிசையில நின்னு டெஸ்ட் எடுத்துட்டு போவாங்க, கம்பெனியும் நம்ம இடத்துல யாருக்கும் இல்லன்னு நிம்மதியா இருந்துடும்.

இந்த உறுதியெல்லாம் யாரோ சும்மா யோசிச்சு எழுதினது இல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பு, ஐஎல்ஓன்னு சொல்வாங்களே, அவங்க 2001-ல எச்ஐவியும் வேலை உலகமும் பத்தி ஒரு நடைமுறை நெறித்தொகுப்பு கொண்டு வந்தாங்க, அதுல பத்து அடிப்படை கொள்கைகள் இருக்கு. அப்புறம் 2010 ஜூன்ல பரிந்துரை எண் 200-ஐ நிறைவேத்தினாங்க, எச்ஐவி விஷயத்துல முதல் சர்வதேச தொழிலாளர் தரம் அதுதான். எச்ஐவி இருக்குன்னு நிஜமா தெரிஞ்சாலும் சரி, இருக்கும்னு சும்மா சந்தேகப்பட்டாலும் சரி, பாகுபாடு கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. இந்த சந்தேகம்ங்கிற பகுதி ரொம்ப முக்கியம், ஏன்னா பல பேரை வேலை இடத்துல ஒதுக்குறது ரிப்போர்ட்டை பார்த்து இல்ல, மெலிஞ்சு போயிட்டாரு, அடிக்கடி லீவு போடுறாருன்னு கிளம்புற வதந்தியை வெச்சு.

கோர்ட்டும் இதைப் பேசியிருக்கு. தென்னாப்பிரிக்காவுல ஒருத்தர் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ்ல விமானப் பணியாளர் வேலைக்கு எல்லா சுத்துலயும் தேறி வந்தாரு, கடைசியில ரத்த டெஸ்ட்ல எச்ஐவின்னு வந்ததும் வேலை இல்லன்னுட்டாங்க. 2000 செப்டம்பர்ல அந்த நாட்டு அரசியல் சாசன கோர்ட் இது நியாயமில்லாத பாகுபாடுன்னு தீர்ப்பு சொல்லி, அவருக்கு அந்த வேலையை கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. இந்தியாவுல 2017-ல எச்ஐவி எய்ட்ஸ் சட்டம் வந்து 2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு, வேலைக்கு சேர எச்ஐவி டெஸ்ட்டை நிபந்தனையா வைக்கக் கூடாதுன்னு அது சொல்லுது, 100 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற நிறுவனத்துல புகார் வாங்க ஒரு அதிகாரி இருக்கணும்னும் சொல்லுது. ஒவ்வொரு நாட்டுலயும் சட்டம் வேற வேற, உங்க நாட்டு சட்டத்தை பார்த்துக்கோங்க.

கட்டாய டெஸ்ட் வெச்சா எல்லாரும் பாதுகாப்பா இருக்கலாமேன்னு கேக்குறவங்க இருக்காங்க, நல்ல மனசோடதான் கேக்குறாங்க. ஆனா யோசிங்க, வேலை செய்றதால பரவாத ஒண்ணை வேலைக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணி யாரைக் காப்பாத்தப் போறோம்? அதோட, தொத்தின உடனே டெஸ்ட்ல தெரியாது, லேப்ல நரம்புல ரத்தம் எடுத்துப் பண்ற நவீன டெஸ்ட்லயே 18-ல இருந்து 45 நாள் ஆகும், சில விரைவு டெஸ்ட்ல 90 நாள் வரைக்கும் கூட ஆகும். இன்னைக்கு நெகட்டிவ்னு வந்தவருக்கு அடுத்த மாசம் வேற ரிசல்ட் வரலாம். கடைசியில ஒருத்தருக்கும் பாதுகாப்பு கிடைக்காம சில பேருக்கு வேலை மட்டும் போயிருக்கும்.

ரகசியம் எங்க கசியுது

இதை நான் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா நல்ல எண்ணத்தோட ஆரம்பிச்ச திட்டங்களும் இங்கதான் உடைஞ்சு போகுது. யாரும் மைக் வெச்சு இன்னாருக்கு எச்ஐவின்னு சொல்ல மாட்டாங்க. லீவு சர்டிபிகேட்ல எந்த கிளினிக்னு சீல் இருக்கும், அதை எச்ஆர்ல பத்து பேர் பார்ப்பாங்க. மெடிக்கல் பில் கொடுத்து பணம் வாங்கணும்னா மாத்திரை பேரோட பில்லை அக்கவுண்ட்ஸ்ல கொடுக்கணும், அதை ஒருத்தர் கூகுள் பண்ணிப் பார்ப்பாரு. குரூப் இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரம் மெயில்ல எச்ஆர் மேனேஜருக்கும் காப்பி போகும். கம்பெனி கிளினிக்ல எச்ஐவிக்குன்னு தனி ரூம், தனி நாள்னு வெச்சிருப்பாங்க, செவ்வாய்க்கிழமை அந்த ரூம் வாசல்ல நின்னாலே போதும், ஊருக்கே தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு வருஷ அறிக்கை. எந்தெந்த பிரிவுல எத்தனை பாசிட்டிவ்னு அழகா டேபிள் போட்டு போடுறாங்க, பன்னிரண்டு பேர் இருக்கிற பிரிவுல ஒண்ணுன்னு போட்டா மீதி பதினோரு பேரும் யாரு யாருன்னு தேட ஆரம்பிச்சிடுவாங்க. அதனால டாக்டர் சர்டிபிகேட்ல நோய் பேர் தேவையில்ல, வேலைக்கு தகுதியா இல்லையா, எத்தனை நாள் லீவு, அவ்வளவு போதும். பில் எல்லாம் நேரா இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ மருத்துவ பிரிவுக்கோ போகணும், மேனேஜர் கண்ணுல படவே கூடாது. கிளினிக்ல எல்லா நோயாளியும் ஒரே கதவு, ஒரே நாள்.

டெஸ்ட் விஷயத்துலயும் இதே புத்திதான் வேலை செய்யுது. எச்ஐவி பரிசோதனை முகாம்னு பேனர் கட்டினா உள்ள போறவனை எல்லாரும் பார்ப்பாங்க. அதுக்கு பதிலா பிபி, சுகர், கண், காசநோய், இதோட விருப்பப்பட்டா எச்ஐவியும்னு ஒரு பொது ஹெல்த் செக்கப் வெச்சா எல்லாருமே உள்ள போவாங்க, யாரு எந்த டெஸ்ட் எடுத்தாங்கன்னு வெளிய நிக்கிறவனுக்கு தெரியாது. 2013-ல ஐஎல்ஓவும் யுஎன்எய்ட்ஸும் சேர்ந்து வேலை இடத்துல தானா விரும்பி டெஸ்ட் எடுக்கிறதுக்கு ஒரு முயற்சியை ஆரம்பிச்சாங்க, அதுலயும் பல நாடுகள்ல மத்த நோய் பரிசோதனையோட சேர்த்து வெச்சதுதான் நல்லா போச்சு. வீட்டுல தானே பண்ணிக்கிற டெஸ்ட் கிட்டும் இப்போ பல இடத்துல கிடைக்குது, அதை கிளினிக்ல யாரும் கேக்காமலே எடுத்துக்கிற மாதிரி வெச்சிடலாம். ரிசல்ட் எப்பவும் அந்த ஆளுக்கு மட்டும்தான், பாசிட்டிவ்னா அன்னைக்கே அடுத்து எங்க போகணும்னு சொல்லி கூட்டிட்டுப் போற ஒரு ஆள் தயாரா இருக்கணும், வெறும் பேப்பரை கையில கொடுத்து அனுப்புறது ரொம்ப கொடுமை.

தடுப்பு கருவிகள்

ஆணுறை இன்னும் அடிப்படைதான். டாய்லெட்ல, டிரெஸ் மாத்துற இடத்துல, யார்கிட்டயும் கேக்காம எடுத்துக்கிற மாதிரி வெக்கணும், சூப்பர்வைசர் டேபிள்ல வெச்சா ஒண்ணு கூட போகாது.

பிரெப்னு ஒண்ணு இருக்கு, எச்ஐவி இல்லாதவங்க வராம தடுக்க முன்கூட்டியே எடுக்கிற மருந்து. தினமும் ஒரு மாத்திரை ஒழுங்கா எடுத்தா உடலுறவு மூலமா வர்ற ரிஸ்க் சுமார் 99 சதவீதம் குறையுது. 2025 ஜூன்ல வருஷத்துக்கு ரெண்டே தடவை போடுற லெனகபவிர் ஊசிக்கும் அமெரிக்காவுல அனுமதி கிடைச்சிருக்கு, அடுத்த மாசமே உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரை பண்ணிச்சு. கம்பெனி இதுல பண்ண வேண்டியது இன்சூரன்ஸ்ல இதையும் சேர்க்கச் சொல்றது, எங்க கிடைக்கும்னு தகவல் கொடுக்கிறது, யாரு எடுக்கிறாங்கன்னு கேக்காம இருக்கிறது.

பெப் வேற, அது நடந்த பிறகு எடுக்கிறது. ஆஸ்பத்திரி, லேப், ஆம்புலன்ஸ், குப்பை அள்ளுற வேலை, இதுல இருக்கிறவங்களுக்கு யூஸ் பண்ண ஊசி குத்திடுற ஆபத்து இருக்கு. எச்ஐவி ரத்தம் இருந்த ஊசி குத்தினாலும் தொத்துற வாய்ப்பு ஆயிரத்துக்கு சுமார் மூணுதான், ஆனாலும் 72 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சு 28 நாள் சாப்பிடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு குத்திடுச்சுன்னா யாருக்கு போன் பண்ணணும்னு அந்த துப்புரவு பணியாளருக்கு தெரியுமா? இந்த ஒரு கேள்விக்கு பதில் இல்லாத ஆஸ்பத்திரி எவ்வளவு பெரிய பாலிசி வெச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்ல. மத்த கம்பெனிங்களும் முதலுதவி பெட்டியில கையுறை வெச்சு, யாரோட ரத்தமா இருந்தாலும் கையுறை போட்டுதான் தொடணும்னு பழக்கிட்டா போதும், யாருக்கு என்ன நோய்னு தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமே வராது.

இதையெல்லாம் யாரு சொல்லிக் கொடுக்கிறதுன்னா, கூட வேலை பார்க்கிறவங்களே சொன்னா எடுபடும். ஒவ்வொரு பிரிவுலயும் எல்லாரும் மனசு விட்டுப் பேசுற ஒருத்தர் இருப்பாரு, அவருக்கு பயிற்சி கொடுத்து விட்டா டீ டைம்ல நடக்கிற பேச்சு, டாக்டர் வந்து மேடையில பேசுறதை விட ரொம்ப தூரம் போகும், வெக்கப்படுற கேள்வியெல்லாம் அங்கதான் வெளிய வரும். ஆனா பயிற்சி வேலை நேரத்துல, சம்பளத்தோட நடக்கணும், ஷிப்ட் முடிஞ்சு ரெண்டு மணி நேரம் உக்காருன்னா களைச்சுப் போன ஆள் பஸ்ஸை பிடிக்க ஓடத்தான் பார்ப்பாரு.

வேலையோட அமைப்பே ரிஸ்க்கா இருந்தா

இது பல பேர் யோசிக்காத பக்கம். தென்னாப்பிரிக்கா தங்கச் சுரங்கங்கள்ல லெசோத்தோ, மொசாம்பிக் மாதிரி நாடுகள்ல இருந்து ஆம்பளைங்களை மட்டும் கூட்டிட்டு வந்து, பெரிய பெரிய ஹாஸ்டல்ல அடைச்சு, மாசக்கணக்கா குடும்பத்தை விட்டு பிரிச்சு வெச்சு வேலை வாங்கினாங்க. அந்த அமைப்புக்குள்ள எச்ஐவி வேகமா பரவினதுக்கு தனி மனுஷனோட ஒழுக்கத்தை மட்டும் குறை சொல்றது ரொம்ப அநியாயம். சுரங்க தூசியால நுரையீரல் கெட்டு, அதோட காசநோயும் எச்ஐவியும் சேர்ந்து ஆளுங்களை கொன்னுச்சு. அங்க குடும்பத்தோட தங்க வீடு கட்டிக் கொடுக்கிறதும், அடிக்கடி ஊருக்குப் போக லீவு கொடுக்கிறதும், தூசியை குறைக்கிறதும் எச்ஐவி திட்டத்துல சேர்ந்ததுதான்.

லாரி டிரைவருங்க கதையும் இதேதான். நாட்டு எல்லையில பேப்பர் வேலை முடியாம நாள்கணக்கா லாரி நிக்கும், டிரைவர் தனியா, கிளினிக் எல்லாம் பகல்ல மட்டும், அதுவும் டவுனுக்குள்ள, லாரியை விட்டுட்டு போக முடியாது. 2006-ல டிஎன்டி சரக்கு கம்பெனியும் ஐநாவோட உலக உணவுத் திட்டமும் சேர்ந்து நார்த் ஸ்டார் அலையன்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, சரக்கு கன்டெய்னரையே கிளினிக்கா மாத்தி ஆப்பிரிக்காவுல லாரி நிக்கிற இடங்கள்லயே வெச்சாங்க, டிரைவர் லாரி நிறுத்துற நேரத்துல திறந்திருக்கிற மாதிரி. அதே மாதிரி 2009-ல சாம்பியா ஜிம்பாப்வே எல்லையில சிருண்டுல ரெண்டு நாட்டு சோதனையையும் ஒரே இடத்துல முடிக்கிற ஏற்பாடு வந்துச்சு. அது வியாபாரத்துக்காக பண்ணதுதான், ஆனா டிரைவர் எல்லையில சும்மா கிடக்கிற நேரம் குறையுறது அவரோட உடம்புக்கும் நல்லதுன்னு சொல்ல டாக்டர் பட்டம் தேவையில்ல.

பெண்கள் விஷயம் இதோட ஒட்டினது. வேலை வேணும்னா, ஷிப்ட் மாத்தணும்னா, சம்பளம் வரணும்னா மேல இருக்கிறவன் சொல்றதுக்கு இணங்கணும்ங்கிற நிலைமை இருக்கிற இடத்துல ஆணுறை பத்தின வகுப்பு எடுத்து என்ன பண்றது, அந்தப் பொண்ணால வேணாம்னே சொல்ல முடியலையே. பாலியல் தொந்தரவு புகாரை ஒழுங்கா விசாரிச்சு தண்டிக்கிற கம்பெனி எச்ஐவி தடுப்பையும் சேர்த்துதான் பண்ணுது.

விட்டுப் போறவங்க

பெரிய கம்பெனிங்க பெருமையா காட்டுற திட்டங்கள்ல பெரும்பாலும் நிரந்தர ஊழியர்கள்தான் இருப்பாங்க. கான்ட்ராக்ட்ல வர்ற காவலாளி, துப்புரவு ஆள், கேண்டீன் ஆள், கட்டட வேலைக்கு வந்தவங்க, தினக்கூலி, இவங்க அதே கேட் வழியாதான் வர்றாங்க, ஆனா கம்பெனி அவங்க எங்க ஆள் இல்லன்னு சொல்லிடும். குடும்பத்தை விட்டு வந்து, குறைஞ்ச சம்பளத்துல, எந்த இன்சூரன்ஸும் இல்லாம இருக்கிறது இவங்கதான், உதவி அதிகம் தேவைப்படுறதும் இவங்களுக்குத்தான். பரிந்துரை 200 எந்த வகை ஒப்பந்தத்துல இருந்தாலும், பயிற்சிக்கு வந்தவரா இருந்தாலும், வேலை தேடுறவரா இருந்தாலும் எல்லாரையும் சேர்த்துக்குது. கம்பெனி கான்ட்ராக்டர் ஒப்பந்தத்துல நாலு வரி சேர்த்தா போதும், எங்க கேட்டுக்குள்ள வர்ற எல்லாருக்கும் இதே விதின்னு.

சின்ன கம்பெனி, இருபது பேர், டாக்டர் இல்ல, எச்ஆரே இல்ல, அவங்க என்ன பண்றதுன்னா, தனியா கிளினிக் வெக்க வேண்டாம். பக்கத்துல இருக்கிற அரசு சிகிச்சை மையம் எங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, போக நேரம் கொடுத்து, ஏன் எங்கன்னு துருவாம இருந்தாலே பெரிய விஷயம். மருந்து நல்லா வேலை செய்யுறவர் சில மாசத்துக்கு ஒரு தடவைதான் போகணும், அந்த அரை நாளுக்காக சம்பளத்தை பிடிச்சா அவர் ஒரு தடவை தள்ளிப் போடுவாரு, அப்புறம் ரெண்டு தடவை, அப்படியே மருந்து நின்னு போகும், நின்னா வைரஸ் திரும்ப ஏறும். நைட் ஷிப்ட்ல மாத்திரை நேரம் குழம்புதுன்னா ஷிப்டை மாத்திக் கொடுக்கலாம்.

கம்பெனியே மருந்து கொடுக்கிற இடத்துல இன்னொரு ஆபத்து இருக்கு, ஆள் குறைப்பு வந்து வேலை போனா மருந்தும் அதோட போயிடும். சுரங்கம் மூடுறப்போ இது நிஜமான பிரச்சனை. அதனால முதல் நாள்ல இருந்தே பொது சுகாதார மையத்தோட தொடர்பு வெச்சு, போறவர் கையில ரெண்டு மூணு மாச மருந்தும் அங்க சேர்றதுக்கான கடிதமும் கொடுத்து, அங்க பதிவு ஆயிடுச்சான்னு பார்த்துதான் அனுப்பணும்.

உங்க கம்பெனியில இருக்கிற திட்டம் நிஜமானதான்னு தெரிஞ்சுக்கணும்னா எச்ஆர்கிட்ட நாலு கேள்வி கேட்டுப் பாருங்க. டெஸ்ட் ரிசல்ட் யார்கிட்ட போகுது? மெடிக்கல் பில்லை யாரு பார்க்கிறாங்க? கான்ட்ராக்ட் ஆளுங்க இதுல இருக்காங்களா? இதுவரைக்கும் பாகுபாடு புகார் வந்திருந்தா அதுக்கு என்ன பண்ணாங்க? பதில் தடுமாறாம வந்தா நல்ல திட்டம். இதைப் படிக்கிறவங்கள்ல யாருக்காவது இப்பத்தான் பாசிட்டிவ்னு ரிசல்ட் வந்திருந்தா, ஐஎல்ஓ பரிந்துரைப்படி அதை முதலாளிகிட்ட சொல்லணும்னு உங்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, சொல்றதும் சொல்லாததும் உங்க முடிவு, முதல்ல சிகிச்சை மையத்துக்குப் போய் மருந்தை ஆரம்பிங்க, வேலை இடத்துல தொந்தரவு வந்தா தேதி போட்டு எழுதி வெச்சுக்கோங்க, வந்த மெயில், லெட்டர் எதையும் அழிக்காதீங்க, தொழிற்சங்கத்துக்கோ சட்ட உதவி மையத்துக்கோ போனா அதைத்தான் முதல்ல கேப்பாங்க.